எடைக்கல் தடங்கள்

பஞ்சிங் மெஷினை அழுத்தும்போது முதலில் காகிதம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிறகு 'டக்'கென்று விட்டுக்கொடுக்கும். இருபத்தெட்டு வருடமாக அலுவலகத்தில் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போய்விட்ட சத்தம் அது.

அன்று பகல் பதினோரு மணிக்கு, வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பின் அறையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜன்னல் வெயில் என் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. மடியில் என் மகள் அபிராமியின் தாள்கள். அவள் வேலூரில் மருத்துவமனைக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த ஒன்பதாவது நாள் அது.

மூளைக் காய்ச்சல் வந்த அந்த நாட்களைப் பற்றிப் போன வாரங்களில் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கடிதம் போட்டவர்கள் எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஆனால் உங்களிடம் ஒரு பகலை மறைத்துவிட்டேன். 'துணிமணி எடுத்து வர வீட்டுக்குப் போய்த் திரும்பினேன்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். தாண்டியது இந்தப் பகலைத்தான்.

முதுகில் எழுதிய கணக்கு

நான் வேலை பார்ப்பது ஓர் அரசு அலுவலகத்தில். வாரம் ஒரு நாள் மனு வாங்குவோம். வந்த மனுக்களைப் பட்டியலாக அச்சடிப்போம். வரிசை எண், பெயர், ஊர், கோரிக்கை. எங்கள் பிரிண்டர் சில நாள் கட்டத்தை விட்டுத் தள்ளி அடிக்கும். பாழான அந்தத் தாள்கள் குப்பைக்குப் போகும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற காகிதத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன்.

அபி வாய்ப்பாடு எழுதியது அந்தத் தாள்களின் முதுகில்தான். கல்லூரி, முதுகலை எல்லாம் தாண்டி, சென்னையில் கணித ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகும் அதே பழக்கம். நான் ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை.

"புதுத் தாள்ல தப்புப் பண்ண பயமா இருக்கும்மா. இதுன்னா ஏற்கெனவே தப்பாப் போன தாளு. தைரியமா எழுதலாம்."

நானும் கணக்குப் படித்தவள்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, தமிழ் வழியில் இளங்கலை. குலம், வளையம், களம் என்று இயற்கணிதச் சொற்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். அவற்றால் யாருக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அபி 'லீ குலங்கள்' என்று ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லப் போய், என் நாத்தனார், "குலமா? நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெளியில் 'கணக்கு' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

செங்கம் சாலையில் ஒரு கேள்வி

ஆனால் எனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. பெற்ற பிள்ளை ஆறு வருடமாக எதன் பின்னால் போகிறாள் என்று தெரியாமல் இருப்பது ஒரு மாதிரி பயம். ஒரு சாயங்காலம், பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து, இருவரும் மலை சுற்றப் போனோம். செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் நின்று கேட்டேன்.

"ஏன்டி, நீ கண்டுபுடிக்கறது இன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சாலை பிரிகிற இடத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்தப் பக்கம் திரும்பினா மலையைச் சுத்தி கெளம்பின எடத்துக்கே வந்துடுவோம் இல்லியா? அது ஒரு மாதிரி அசைவு. திரும்பாம செங்கம் ரோட்டுலயே நேரா போய்ட்டே இருந்தா? எத்தினி தூரம் போனாலும் திரும்ப வர மாட்டோம். அது இன்னொரு மாதிரி. நான் பாக்கற குலத்துல ரெண்டும் கலந்து இருக்கும். கொஞ்சம் சுத்து, கொஞ்சம் தூரம், மறுபடி கொஞ்சம் சுத்து."

"சரி."

"இப்போ ஒண்ணை எடுத்து அப்படி நகத்தறோம். நகத்தினப்புறம், முன்ன இருந்ததோட எவ்ளோ ஒத்துப்போகுதுனு கேக்கறோம். அந்தப் பதில்தான் என் ஃபங்ஷன்."

"போகப் போகக் கம்மியாயிடுமா?"

"ஆமா. சுத்தறதால ஒண்ணும் ஆகாது. தூரம் ஜாஸ்தியானாதான் கம்மியாகும்."

"அப்புறம் பூஜ்யம்."

"இல்லமா." அவள் சிரித்தது நினைவிருக்கிறது. "அப்படி ஆகறதும் இருக்கு. நான் புடிச்சு வெச்சிருக்கறது ஆகாது. எத்தினி தூரம் போனாலும் துளியூண்டு நிக்கும். எந்த எடத்துல எவ்ளோ துளினு சொல்லணும். அவ்ளோதான் என் வேலை."

எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதிக்கே சந்தோஷமாக இருந்தது. அடி அண்ணாமலை தாண்டும்வரை பேசிக்கொண்டே நடந்தோம். வேர்க்கடலை வாங்கினோம். அவள் தோல் ஊதித் தள்ளிவிட்டு என் கையில் கொட்டினாள்.

தரையில் விரித்தது

ஆய்வேடு எழுதுவதற்காக அந்தச் சித்திரையில் வீட்டோடு வந்துவிட்டாள். பின் அறையைக் காலி செய்யச் சொன்னாள். கட்டில்கூட வேண்டாம் என்றாள். ஜன்னல் சுவரும் பீரோ இருந்த சுவரும் சேர்கிற மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு, சாக்பீஸால், எதிர்ச் சுவர்வரை இழுத்தாள். ஜன்னல் சுவருக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஆப்பு போல ஒரு இடம். அதற்குள்தான் தாள்களைப் பரப்பினாள். மூன்று நான்கு தாள்களாக, சின்னச் சின்ன அடுக்காக.

மூலைதான் கிளம்புகிற இடம். அங்கிருந்து தள்ளிப் போகப் போகத் தூரம் ஜாஸ்தி. நட்ட நடுவில் கணக்கு எளிது, ஜன்னல் சுவர் ஓரமும் கோட்டு ஓரமும் வரும்போது முறை மாறிவிடும், அங்கேதான் தகராறு என்பாள். எந்த இடத்துக்கு எந்தக் கணக்கோ, அதை அந்த இடத்திலேயே வைத்தாள். தாளில் பக்க எண் கிடையாது. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

காற்றில் பறக்காமல் இருக்க, அவள் அப்பாவிடம் எடைக்கல் கேட்டாள். என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர். மின்னணுத் தராசு வந்த பிறகு பழைய இரும்புக் கற்கள் சாக்கில் கிடந்தன. இரண்டு கிலோவிலிருந்து ஐம்பது கிராம்வரை, அறுகோணமாக, கறுப்பாக.

கொண்டுவந்து கொட்டிவிட்டு அவர் வேடிக்கை பார்த்தார். மூலையில் இரண்டு கிலோ. அடுத்து ஒரு கிலோ. தள்ளிப் போகப் போக அரைக் கிலோ, இருநூறு, நூறு. எதிர்ச் சுவர் ஓரம் ஐம்பது கிராம்.

"இன்னாம்மா இது, போகப் போகக் கல்லு எளைக்குது?"

"ஃபங்ஷனும் அப்படித்தான்பா எளைக்கும்."

"அப்ப உன் மெட்ராஸ் சாருக்கு ஒரு மூட்டை மல்லாட்டை நிறுத்து அனுப்பிச்சுடலாம். டாக்டர் பட்டம் குடுத்துடுவாரு."

தினமும் காலையில் அந்த அறையைப் பெருக்குவேன். தாள்களைத் தொடக்கூடாது, சுற்றித்தான் பெருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. ஈரத் துணி போட்டுத் துடைக்கும்போதும் அப்படியே. அவள் மட்டும் அடுக்குகளின் நடுவே நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கால், இடது கால், ஒரு சின்ன தாவல் என்று மூலைவரை போவாள். ஒரு தாளும் அசையாது. கோலத்தை மிதிக்காமல் வாசலைத் தாண்டுவதுபோல.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தலைவலி என்றாள்.

இரண்டு மணி நேரம்

ஒன்பதாவது நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மருத்துவமனையில் என்னிடம் கேட்கப்பட்ட எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை. அறைக் கதவைத் திறந்தேன். தாள்கள் அப்படியே இருந்தன. பல்லி எச்சம் ஒன்றிரண்டில். நடக்க வழியில்லாமல், யாரோ பாதியில் எழுந்து போனது மாதிரி கிடந்த அந்த அறையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு தாளை எடுத்துத் திருப்பினேன். அச்சடித்த பக்கம். மேலே பட்டியல் தேதி. இடது ஓரத்தில் வரிசை எண்.

என் கைகளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தேதிவாரியாகப் பிரித்தேன். வரிசை எண்படி அடுக்கினேன். ஓரம் தட்டினேன். துளையிட்டேன். டேக் கயிறு கோத்து, அட்டை போட்டு, மேலே 'அபிராமி' என்று எழுதினேன். கற்களைத் துடைத்துச் சாக்கில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். சாக்பீஸ் கோட்டையும் துடைத்துவிட்டேன். அவள் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

இதை எழுதவே கூசுகிறது. அந்த ஒன்பது நாட்களில் எனக்கு மூச்சு சீராக வந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

துளையிட்டு விழுந்த வெள்ளைப் பொட்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

"நான்தான் பண்ணியிருப்பேன்"

அபி பிழைத்து வந்தாள். கார்த்திகை முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்களை அடையாளம் தெரிந்தது. பேச்சு மெல்ல வந்தது. இட்லியைத் தானே பிய்த்துச் சாப்பிட்டாள். அவள் அப்பா, "இது போதும் சாமி" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கணக்கு மட்டும் வரவில்லை. பால்காரருக்கு விரல் விட்டுக் கூட்டிச் சொல்வாள். சில நாள் அதுவும் தப்பும். நான் துளையிட்டுக் கட்டிய கோப்பைக் கையில் கொடுத்தபோது புரட்டிப் பார்த்தாள்.

"என் கையெழுத்துதான்" என்றாள். பிறகு, "அழகாக் கட்டியிருக்கு" என்றாள்.

மருத்துவர்கள் வரலாம் என்கிறார்கள். வராமலும் போகலாம் என்கிறார்கள். அவர்கள்மேல் குறை இல்லை. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்.

மாசியில் ஜெசி வந்தாள். ஜெசிந்தா, திண்டிவனத்துப் பெண், ஆராய்ச்சியில் அபிக்கு இரண்டு வருடம் இளையவள். அபி முடித்த பகுதியை இருவர் பெயரிலும் கட்டுரையாகக் கொண்டுவரலாம் என்று அவர்கள் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உன் பேரை முன்னாடி போட்டுக்கம்மா, எழுதப் போறது நீதானே" என்றேன்.

"மேத்ஸ்ல அகர வரிசைதான் ஆன்ட்டி. அபிக்காவை யாரும் முந்த முடியாது."

கோப்பைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் புரட்டினாள். அபி பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள்.

"அபிக்கா, இது எந்த எடத்துக்கான எஸ்டிமேட்? ஓரத்துலயா, நடுவுலயா? ஒரே மாதிரி வரி இருபது எடத்துல வருது. எங்க செல்லும்னு எழுதவே இல்லியே?" பிறகு மெல்லக் கேட்டாள். "இதை யாரு அக்கா இப்படி ஃபைல் பண்ணது?"

அபி தாள்களைப் பார்த்தாள். யோசித்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"நான்தான் பண்ணியிருப்பேன்" என்றாள். "சாரி ஜெசி. மறந்துட்டேன்."

நான் சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றேன். செய்யாத தப்புக்கு என் பிள்ளை மன்னிப்புக் கேட்டாள். நான் குழம்பைக் கிளறப் போனேன்.

சாப்பாடு போட்டேன். ஜெசி இரண்டாவது முறை ரசம் கேட்டாள். நான் ஊற்றியது இலைக்கு வெளியே போயிற்று.

"நான்தாம்மா பண்ணேன்" என்றேன். "அவ இல்ல. ஆஸ்பத்திரில இருந்தப்போ நான்தான் எல்லாத்தையும் வாரி வரிசை எண் பாத்து அடுக்கிட்டேன். தரைல பரப்பி வெச்சிருந்தா. தரைலதான் எல்லாம் இருந்துச்சு."

அபி என் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் கடையில் எதையாவது கேட்பதற்கு அப்படி இழுப்பாள்.

"பரவால்லமா" என்றாள். "உக்காரு. நீ இன்னும் சாப்புடல."

இரண்டு கிலோ எங்கே

சாப்பிட்டபின் அபி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். ஜெசி டேக்கை அவிழ்த்தாள். மண்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் போகாமல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது.

"இது இருநூறு கிராமு" என்றார்.

"என்ன அங்கிள்?"

"இதோ, துரு." தாளின் நடுவே மங்கலாகப் பழுப்பில் ஓர் அறுகோணம். நான் தினமும் தரையை ஈரத் துணியால் துடைத்ததாலும் மழைக் காற்றாலும் கல் கறை விட்டிருந்தது. "இது இருநூறு. இது அரைக் கிலோ. இது நூறு, இந்த மூலை ஒடைஞ்சிருக்கு பாரு, இந்தக் கல்லை எனக்குத் தெரியும். எங்கப்பா காலத்துது."

ஜெசி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "அபிக்கா எந்த எடத்துல எந்தக் கல்லு வெச்சாங்க?"

"மூலைல ரெண்டு கிலோ. போகப் போக எளைக்கும். ஃபங்ஷன் மாதிரினு சொன்னா" என்றார் அவர்.

கறை விழுந்தது ஒவ்வோர் அடுக்கின் மேல்தாளில் மட்டும்தான். அதன் அடியில் எது வரும் என்பதைக் கணக்கின் தொடர்ச்சி பார்த்து ஜெசி சேர்த்துவிடுவாள். எவ்வளவு தூரம் என்பதைக் கல் சொல்லிவிட்டது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. அதை நான் சொன்னேன். ஜன்னல் ஓரத்துத் தாள்கள் சித்திரையிலிருந்து ஐப்பசிவரை வெயில் தின்றவை. பழுப்பேறி, தொட்டால் அப்பளம் மாதிரி இருக்கும். கோட்டு ஓரத்துத் தாள்கள் வெள்ளை மாறாமல் இருக்கும். அத்தனை மாதம் சுற்றிப் பெருக்கியவள் நான்.

என் வீட்டுக்காரர் எடைக்கல் சாக்கைப் பின் அறைக்குக் கொண்டுவந்து கொட்டினார். ஜெசி புதிதாகக் கோடு இழுத்தாள், "நாப்பத்தஞ்சு டிகிரி" என்று முணுமுணுத்தபடி. மூவரும் முட்டி போட்டு வைத்துக்கொண்டே போனோம். பேச்சு குறைவு. "இது?" "நூறு." "பழுப்பா?" "பாதி." "அப்ப நடுவுல." அவ்வளவுதான். நான்கு தாள்களுக்கு இடம் கிடைக்கவே இல்லை. இன்னொரு தாளில் என் பஞ்சிங் மெஷின் ஒரு குறியைத் தின்றிருந்தது. பிளஸ்ஸா மைனஸா தெரியவில்லை. ஜெசி அந்தத் துளை வழியாக ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சுடலாம் ஆன்ட்டி" என்றாள்.

நாலு மணி இருக்கும். அபி எழுந்து வந்து அறை வாசலில் நின்றாள்.

நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். அவள் தரையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு அவள் கை கீழே போய் நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது. வலது கால். இடது கால். அந்தச் சின்ன தாவல்.

ஜெசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. ஒரு தாளும் அசையவில்லை. அபி மூலைக்குப் போய், இரண்டு கிலோ கல்லின் முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். மேல்தாளை எடுத்தாள். முதல் வரியின்மேல் விரல் ஊர்ந்தது. பாதி வரியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஊர்ந்தது. அதே இடத்தில் நின்றது. 'வா, வா' என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன், நடை பழகிய குழந்தையைக் கூப்பிட்டது மாதிரி.

அவள் தாளைத் திருப்பினாள்.

"வரிசை எண் நாப்பத்தி ஒண்ணு" என்று நிதானமாகப் படித்தாள். "கன்னியம்மாள். முதியோர் உதவித்தொகை வேண்டி." நிமிர்ந்தாள். "மா, இவங்களுக்கு வந்துச்சா?"

நான் சுவரோரம் நின்றபடியே சொன்னேன்.

"தெரியலடி. ஆபீஸ்ல பாத்துச் சொல்றேன்."

"பாரு. மறந்துடாத."

அச்சடித்த பக்கம் மேலே தெரியும்படி தாளை அதே இடத்தில் வைத்தாள். அதன்மேல் கல்லை வைத்தாள். வந்த வழியே, ஒன்றையும் மிதிக்காமல், திரும்பி நடந்தாள்.

ஜெசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து, "டீ போடறேன்" என்று போனார். திருமணமான நாளிலிருந்து அவர் டீ போட்டதில்லை.

ஜெசி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைசி வெயிலில் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தாள். கட்டுரை தயாராகிறது என்று போன வாரம் போனில் சொன்னாள். துளையில் போனது மைனஸ்தானாம். அபியிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். கன்னியம்மாளைப் பற்றி மறுபடி கேட்டாள். பழைய பதிவேடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் இருக்கிற ஊரில் மூன்று கன்னியம்மாள்கள் இருக்கிறார்கள்.

ஜெசி போன மறுநாள் காலை துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனேன். எழுத்துப் பக்கம் மேலாகக் கிடந்த தாள்களுக்கு நடுவே மூலையில் அது ஒன்று மட்டும் பெயர்களைக் காட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, திருப்பி வைக்கக் கையை நீட்டினேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன். சுற்றிப் பெருக்கினேன்.